கனத்த கைக்கு இறுகிய ஊசி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஐப்பசி மழையில் நனைந்தும் அறுந்தும் கிடந்த இணைப்புகளை, நாங்குநேரி தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த போன் மணியடித்தது. எடுத்தால் திருநெல்வேலி டவுனிலிருந்து பொன்னையா. என் மனைவியின் அண்ணனிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவர். போனில் எப்போதும் கத்திப் பேசுகிற மனிதர், அன்று மெதுவாகப் பேசினார்.

“சார், வக்கீலய்யா தவறிட்டாக. கோர்ட்டுக்குப் புறப்பட்டுக் கோட்டையும் மாட்டிட்டாக. குடிக்கத் தண்ணி கேட்டாக. அம்மா உள்ள போயிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. தங்கச்சியம்மாகிட்ட நீங்களே பையச் சொல்லுங்க.”

பையச் சொல்வதற்கு இடமே இருக்கவில்லை. வேலை நேரத்தில் நான் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததுமே என் மனைவி கோமதி, “அண்ணனா?” என்று கேட்டுவிட்டாள். ஒரு வருஷமாக அவருடைய நெஞ்சு எங்களை மிரட்டிக்கொண்டுதான் இருந்தது. அடுப்பை அணைத்தாள், வீட்டைப் பூட்டினாள். பஸ் ஏறி டவுனுக்குப் போனோம்.

வழக்கறிஞர் காந்திமதிநாதன் அவர்களின் நினைவாக மலர் போடுகிறோம், குடும்பத்திலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று வக்கீல் சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. அவரை எனக்கு அத்தானாகத்தான் தெரியும். நீதிமன்ற வராந்தாவில் அவரைப் பார்த்தவர்களுக்கு ஒரு பாதி தெரியும். மேலரத வீதி வீட்டு மாடியில், மச்சில் பார்த்த எனக்கு மறுபாதி. அவரை அறியாதவர்களும் இந்த மலரைப் புரட்டக் கூடும். அவர்களுக்காக முதல் பாதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் சிவில் வழக்கறிஞர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை. வருகிறவரின் மனம் குளிரப் பேசுவது என்பதை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒருமுறை ராதாபுரம் பக்கத்திலிருந்து பனைவிளை எல்லைத் தகராறோடு ஒருவர் வந்தார். பத்திரங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டு அத்தான், “உம்ம கேஸ் நிக்காது வே. சாப்பிட்டுட்டு, வெயில் தாழ ஊருக்குப் போரும்” என்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு வேறு வக்கீலைப் பிடித்து, வழக்காடித் தோற்றுவிட்டு, ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியோடு திரும்பி வந்தார். “நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி நெசத்தச் சொன்னீக” என்று கண் கலங்கினார். அத்தான் கருப்பட்டியை முகர்ந்து பார்த்து, “பதம் தப்பிப்போச்சு, கருகிட்டு” என்றார். அதுதான் அவர்.

வீட்டிலும் இதே கதைதான். கோமதிக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது நவராத்திரிக் கொலுவில் பாடினாளாம். தெருப் பெண்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிப் பாராட்டிக்கொண்டிருக்க, வாசலில் நின்ற அண்ணன், “ரெண்டாவது அடியில சுருதி எறங்கிட்டு” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பிறர் முன்னால் பாடவில்லை. கல்யாணமான முதல் வாரத்திலேயே இதை என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். “எறங்கலைன்னா எனக்குக் கோவமே வந்திருக்காது. எறங்கத்தான் செஞ்சுது” என்றும் சொன்னாள். அண்ணனுக்கு இருந்த காது அவளுக்கும் இருந்தது.

பெண் பார்க்கப் போன அன்றே அத்தான் என்னைச் சோதித்துவிட்டார். “டெலிபோன்ல வேலை பாக்கீரு. காது எப்படி?” என்று கேட்டு, கேசரித் தட்டோடு என்னை மச்சுக்குக் கூட்டிப்போய் பிளேயரில் ஒரு நாகசுர இசைத்தட்டை ஓட்டினார். முடிந்ததும், “எப்படி இருந்துச்சு?” என்றார். மாப்பிள்ளை முறுக்கில் நான், “நல்லா இருக்கு” என்றேன்.

“நல்லா இருக்குன்னா? அது ஒரு பதிலாவே? சாப்பாட்டையும் நல்லா இருக்குங்கான், சாவு வீட்டுப் பந்தலையும் நல்லா இருக்குங்கான். என்ன கேட்டுதுன்னு சொல்லும்.”

தவில்காரர் இடது பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்டது என்றேன். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பெண் கொடுத்தார்கள்.

அந்த பிளேயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் கொழும்பில் ஜவுளி வியாபாரம் செய்தவர். ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது அது. கனத்த மரப்பெட்டி, அதைவிடக் கனத்த சுழல்தட்டு, அதன்மேல் ஊசியைத் தாங்கிப் பிடிக்கிற நீண்ட உலோகக் கை. அத்தானின் மனைவி சிவகாமி அக்கா அந்தக் கையை உலக்கைக்குத் தங்கச்சி என்பார்கள். அந்தக் கைக்கென்றே தேடிப்பிடித்து, மாமனாரின் சிநேகிதர் ஒருவர் பிற்பாடு சிங்கப்பூரிலிருந்து ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி அனுப்பினார். ஊசி பொருந்தியிருக்கும் சிறு தலைப்பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதன் ஊசிமுனை வைரம். மாமனார் அதற்குக் கொடுத்த மரியாதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றி, மேலே ‘டயமண்ட்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட அதன் சின்னச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்து, நகைகளோடு இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார். அடுத்த வாரம் கைகால் கழுவிக்கொண்டு எடுப்பார்.

கைக்கும் ஊசிக்கும் பொருத்தம் பார்ப்பது பற்றி அத்தான் எனக்கு ஒருநாள் விளக்கினார். வில்வண்டியை வைத்துத்தான் சொன்னார். “ஊசிக் குச்சி ஒரு சின்ன ரப்பர்ல உக்காந்திருக்கு. அதுதான் வண்டிக்கு வில்லு. கைதான் வண்டி மேல ஏத்துத பாரம். கனத்த பாரத்துக்கு மெல்லிசு வில்லு வச்சா, சின்னப் பள்ளத்துல விழுந்தாலும் வண்டி ஊஞ்சலாடும். லேசான பாரத்துக்கு முரட்டு வில்லு வச்சா, நடுமுதுகு ஒடியும். நம்ம கை கனத்த கை. அதுக்கு இறுகின ஊசிதான் சரி. அப்பாவுக்கு இது ஒண்ணும் தெரியாது. அந்தச் சிங்கப்பூர்க்காரருக்குத் தெரிஞ்சிருக்கு.”

தொண்ணூறுகள் தொடங்கிய சமயத்தில் மாமனார் காலமானார். மாமியார் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போய்விட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த ஒரு நல்ல நாளில் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். மாமனாரின் தம்பி, எல்லாருக்கும் சித்தப்பா, நடுவில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. மற்றவர்கள் தலையாட்ட வேண்டியது. வீடும் வயலும் சாமான்களும் ஆணுக்கு, நகை நட்டு பெண்ணுக்கு. அந்த வீட்டு வழக்கம் அது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பாகப் பத்திரம் எழுதிக்கொடுத்த அத்தான், தன் வீட்டுப் பாகத்தில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்து தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் சுமுகமாகத்தான் போனது. இரும்புப் பெட்டியைத் திறந்து நகைகளை விரித்த பிறகு கோமதி மெதுவாக, “அம்மாவோட வைரத்தோட்டக் காணுமே” என்றாள். அந்தத் தோடு உனக்குத்தான் என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் சொல்லியிருக்கிறார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். இல்லை. கோமதிக்கு அழுகை வந்துவிட்டது. பொருளுக்காக அழுகிறவள் இல்லை அவள். அம்மாவின் காதில் பார்த்தது.

அப்போதுதான் சித்தப்பாவின் கையில் அந்தச் சிவப்புப் பெட்டி அகப்பட்டது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “டயமண்ட். ஏ, வைரம்லா இது! சீமை வைரம். எங்கண்ணன் பொத்திப் பொத்தி வச்சதுல என்னமோ இருந்திருக்கு பாரு. தோடு போனா போகுது. இந்தா, இது பொம்பளப் பிள்ளைக்கு” என்று அவள் மடியில் வைத்துவிட்டார். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாகத்தில் வைத்த பொருளைச் சபையில் யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடிய கையோடு வைத்திருந்தாள். மாமனாரின் சிவப்புப் பெட்டி எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இரும்புப் பெட்டியருகே பெண்பிள்ளைகளை அவர் அண்டவிட்டதில்லை.

அத்தானுக்குத் தெரியும். தூணோரத்திலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிளேயர் சாமான்களோடு அவர் பாகத்துக்குப் போனது. அதன் ஊசி நகையோடு எங்கள் வீட்டுக்கு, நாங்குநேரிக்கு வந்து பீரோவில் உட்கார்ந்தது.

எனக்கு இது தெரியவந்தது அடுத்த வருஷம். மாமனாரின் திதிக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் மச்சில் நாகசுரத் தட்டை ஓட்டுவது அந்த வீட்டுப் பழக்கம். தட்டு சுற்றுகிறது, கை மேலும் கீழும் தலையாட்டுகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு பெருமூச்சு வாங்குவதுபோல் உள்ளே போய் வெளியே வருகிறது. அக்கா வெற்றிலைத் தட்டோடு மச்சுப் பலகையில் இரண்டடி வைத்தார்கள். ஊசி துள்ளி அடுத்த ராகத்துக்குப் போய்விட்டது.

“நடக்காதேன்னு எத்தனவாட்டி சொல்லுதேன்!” என்று அத்தான் பாய்ந்தார்.

“பறந்துதான் வரணும் போல. தம்பி, நீங்களே கேளுங்க. பாட்டு ஓடுனா இந்த வீட்டுல நான் நட்ட மரம் மாதிரி நிக்கணுமாம். உலை பொங்கி அடுப்பே அணைஞ்சு போகுது” என்று அக்கா என்னிடம் வழக்குத் தொடுத்தார்கள்.

எல்லாரும் கீழே போனபிறகு அருகே போய்ப் பார்த்தேன். வேறு கார்ட்ரிட்ஜ். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. புதுக்காலத்து மென்மையான ஊசி. மெல்லிய கைகளுக்கென்று செய்தது. இந்த உலக்கையில் மாட்டினால் ஊஞ்சலாடத்தானே செய்யும்? “பழசு என்ன ஆச்சு அத்தான்?” என்று கேட்டேன்.

அவர் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். “உம்ம வீட்டு பீரோவுல இருக்கு.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், “அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே? இன்னைக்குப் போயி எடுத்துட்டு வாரேன்” என்றேன்.

“எடுத்தீரோ, உம்மகூடப் பேச மாட்டேன். அம்மா தோட்ட அப்பா எப்பமோ வித்துட்டாக மாப்ளே. அம்மா ஆசுபத்திரியில கெடந்த சமயம். எனக்கு மட்டுந்தான் தெரியும். அத சபையில சொல்லச் சொல்லுதீரா? அவளுக்கு ஒரு வைரம் வேணும். கெடச்சிட்டு. அது வைரம் இல்லன்னு யார் வாயாலயும் அவ காதுல விழக்கூடாது.”

கட்சிக்காரர் முகத்துக்கு நேரே கேஸ் நிற்காது என்று சொல்கிற மனிதர் இப்படிச் சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கீழே விட்டார்.

அன்று பஸ்ஸில் வரும்போது கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாளையங்கோட்டை தாண்டியதும், “அந்தப் புது ஊசி அந்தக் கைக்கு ஆகாது” என்றாள். நான் திடுக்கிட்டேன். அவள் திரும்பாமலேயே மிச்சத்தையும் சொன்னாள். பாகம் பிரித்த மறுமாதமே மூக்குத்தியில் பதிக்கலாம் என்று சிவப்புப் பெட்டியை ஆசாரியிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் திறந்து பார்த்து, கண்ணில் குழாயை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்து, “அம்மா, இது பாட்டுப் பெட்டிச் சாமானம்லா? வைரம் இருக்கு, இல்லன்னு சொல்லல. எறும்பு மூக்குக்குத்தான் பதிக்கலாம்” என்றாராம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“சொல்லி? அண்ணனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தான்? அப்பம் வயித்தெரிச்சலா இருந்துச்சு. இன்னைக்கு அவன் அந்த ஊசியோட மல்லுக்கட்டுததப் பாத்தா பாவமா இருக்கு.”

“அப்ப குடுத்திரு.”

“ஏன் குடுக்கணும்? ஊருக்கெல்லாம் நெசம் சொல்லுதவனுக்கு எங்கிட்ட மட்டும் வாய் அடைச்சிட்டோ? வாயத் தொறந்து கேக்கட்டும், அந்த நிமிசமே குடுத்திருதேன். நீங்க நடுவுல போயி அளந்துராதீங்க.”

அவளும் சத்தியம் வாங்கினாள். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் இணைப்புக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் உத்தரவு. கேட்டால் பொய் வெளிவந்துவிடும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதில்லை என்று இவள் கொடுக்கவில்லை. வருஷங்கள் போயின. திதிக்குப் போனோம், அண்ணன் வீட்டுச் சீராகப் பொங்கல்படி வந்தது, வெளியே ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் வாரம் தவறாமல் அண்ணனைப் பார்க்கப் போகிறவள், நாள் கிழமைக்கு மட்டும் போகிறவளாக ஆகிவிட்டாள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு அதைவிட வருத்தம் என்பது, நான் தனியே போகும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்ப்பதில் தெரியும்.

அந்த நாட்களில் அத்தான் கையின் கனத்தைக் குறைப்பதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற உலோகத் தலையைக் கழற்றிவிட்டு, மூங்கில் பத்தையைச் சீவி ஒரு தலை செய்தார். கனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு, நுனியில் குறைத்தால்தான் பலன் என்பார். அது போதவில்லை. அக்காவின் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமல் போனது. பார்த்தால் அது கைக்கு அடியில், மரப்பெட்டிமேல் ஒட்டப்பட்டு, நிறைய விளக்கெண்ணெயோடு இருக்கிறது. கையிலிருந்து ஒரு தகரத் துடுப்பு அதில் தோய்ந்திருக்கிறது. ஆட்டத்தை எண்ணெய் அமுக்கிவிடும் என்பது திட்டம். உண்மையிலேயே அமுக்கியது. அக்கா பைய நடந்தால் ஊசி துள்ளாது என்ற அளவுக்கு வந்தது. “பாதி தேறிட்டு” என்றார். முழுக்கத் தேறியது என்று அவர் வாயில் வரவே வராது. இறுகிய ஊசிகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்ட காலம் அது. கிடைத்தவை எல்லாம் தட்டை உழுதுவிடும் முரட்டுச் சரக்கு. அதை மாட்டுவதற்குப் பதில் தட்டை அம்மியில் அரைக்கலாம் என்பார்.

சென்ற வருஷம் ஆவணியில் அவருக்கு முதல் மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று செய்தி வந்த அன்று கோமதி பீரோவைத் திறந்தாள். சிவப்புப் பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மச்சில் கட்டிலில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். கோமதி முடிச்சை அவிழ்த்துப் பெட்டியை அவர் மடியில் வைத்தாள். “அண்ணே, இத மாட்டு.”

அவர் பெட்டியைத் தொடவில்லை. “இது உன் பாகத்து வைரம்லா.”

“வைரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆசாரி அப்பமே சொல்லிட்டாரு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“அப்பமே தெரியுமா? பின்ன ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?”

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவர் தோடு போன கதையைச் சொன்னார். அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களை, அப்பா அதை விற்றுவிட்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். கோமதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்லா” என்றாள். “சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அக்காதான் படிக்கட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் எழுந்தார். டாக்டர் சொன்னதை அக்கா நினைவூட்டினார்கள், காதில் வாங்கவில்லை. மூங்கில் தலையைக் கழற்றிவிட்டு பழைய உலோகத் தலையில் பழைய கார்ட்ரிட்ஜை மாட்டினார். பின்பக்கத்து எடையைத் திருகிச் சமன் பார்த்தார். திருகாணியை நான் பிடித்துக்கொண்டேன். கோமதி அப்பாவின் நாகசுரத் தட்டையே கேட்டாள். மாமனார் உயிராக வைத்திருந்த தட்டு. எத்தனையோ முறை கேட்டும் என் கையில் கொடுக்காத தட்டு. அதை வைத்தார், ஊசியை இறக்கினார்.

முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலையே லைனில் எங்கே கோளாறு என்று காதால் கண்டுபிடிப்பது. நாகசுரம் மேலே ஏறிய இடமெல்லாம் கிழிந்தது. தவில் தகரமாக ஒலித்தது. ஊசியைத் தாங்குகிற ரப்பர் கல்லாகிவிட்டிருக்கிறது. வில் இல்லாத வண்டி, தட்டின் மேல் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது.

தட்டு ஓடி முடிந்தது. கோமதி, “எப்படி இருக்கு?” என்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அவள் காப்பி போடக் கீழே போனதும், “என்ன அத்தான் இது? தட்டு என்னத்துக்கு ஆகும்?” என்றேன்.

“ரப்பர் செத்துப்போச்சு மாப்ளே. பூட்டி வச்சிருந்தாலும் சாகும், ஓட்டிக்கிட்டே இருந்தாலும் சாகும், அவ மேல குத்தம் இல்ல. இத்தன வருசம் கழிச்சு அவளா எடுத்துட்டு வந்திருக்கா. என்ன சொல்லச் சொல்லுதீரு?” விரல் நுனியால் ஊசியின் முனையைத் துடைத்தார். கறுப்பாகப் பொடி வந்தது. தட்டின் கோடுகள் தேய்ந்து வந்த பொடி. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட மூச்சு விட்டுராதீரும்.”

அதிலிருந்து கோமதி வெள்ளிக்கிழமை தோறும் டவுனுக்குப் போகத் தொடங்கினாள். அவள் வருவதற்கு முன்னால் அத்தான் மூங்கில் தலையைக் கழற்றிவிட்டுச் செத்த ஊசியை மாட்டிவைப்பார். அவள் அப்பாவின் தட்டைக் கேட்பாள். ஓட்டுவார். “நல்லா இருக்கு” என்பார். அவள் போனபிறகு மறுபடி மாற்றுவார். இது வாராவாரம் நடந்தது என்பதற்குப் பொன்னையா சாட்சி. மாற்றும்போது விளக்குப் பிடித்தவர் அவர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்தது. அழுக்குக் கையோடு தட்டைத் தொட்டதற்காக ஜில்லா முன்சீப் ஒருவரையே மச்சிலிருந்து இறக்கிவிட்ட மனிதர், தகப்பனாரின் தட்டு தன் கண்ணெதிரே சாம்பலாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையோடு பேசிச் சிரித்தார். கோர்ட்டில் நடந்ததை எல்லாம் அவளிடம் நடித்துக் காட்டினார். கடைசி ஒரு வருஷம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று அக்கா சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார்கள். மச்சில் ஏதோ எடுக்கப் போன கோமதி, பிளேயரில் மூங்கில் தலை மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். இறங்கி வந்தவள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் குறுக்குத்துறையில் ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அத்தானின் மகன் அஸ்தியைக் கரைத்துவிட்டு ஈரத்தோடு ஏறி வந்தான். பெண்கள் ஆற்றுக்கு வருவது வழக்கமில்லை என்று சித்தப்பா முணுமுணுத்தும், கோமதி வந்து படித்துறையில் நின்றாள். எல்லாரும் வேனுக்குப் போனபிறகும் நின்றாள். இனி எந்தச் சத்தியமும் மிச்சமில்லை என்று நினைத்து நான், “அந்தப் பழைய ஊசி இருக்குல்லா” என்று தொடங்கினேன்.

“ரப்பர் செத்துப்போச்சு. அதானே?”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“எனக்குக் காது இல்லையா? மொத நாளே தெரியும். நாகசுரமா அது? தகரத்த அறுத்த மாதிரில்லா இருந்துச்சு.”

“பின்ன வாராவாரம் போயி அந்தத் தட்டையே கேட்டியே?”

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பாட்டுக் கேக்கவா போனேன்? ஊர்ல ஒருத்தன் மனசு நோகுமேன்னு ஒரு பொய் சொன்னதில்ல அவன். எங்கொலுப் பாட்டுக்குக் கூடச் சொல்லல. எனக்காக வெள்ளிக்கெழம தவறாம ஒண்ணு சொன்னான்லா. அதக் கேக்கத்தான் போனேன்.” பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அக்காவிடம் சொல்லிவிட்டு அந்தத் தட்டைக் கோமதி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். அதில் இனி எந்த ஊசி வைத்தாலும் இரைச்சல்தான் வரும். எங்கள் வீட்டில் பிளேயரும் கிடையாது. நேற்று வெள்ளிக்கிழமை. பீரோவைத் திறந்து உறைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டீர்கள், அத்தான். ஒருவேளை தெரிந்தேதான் இருந்தீர்களோ என்னவோ. அந்தக் காதுகளை நம்ப முடியாது. எதுவாக இருந்தாலும் நிம்மதியாகப் போய் வாருங்கள். உங்கள் தங்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.